டிரம்ஸ்காரர் முன்னால் வந்து பாடிய கதை

குருவைத் தேடிச் சீடர்கள் காட்டுக்குப் போவார்கள், மலைக்குப் போவார்கள். செல்வின் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குப் போனார். குரு அங்கே ஒரு இஸ்திரிக் கடையின் மாடியில் இருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்து நான்கு.

குருவின் பெயர் அமலோர்பவம். பாட்டு சொல்லிக் கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் அமலி டீச்சர்.

செல்வினுக்கு அறிமுகமே தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். ஆனால் டிரம்ஸ்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படுகிறது. 'மின்கம்பம்' என்ற ராக் இசைக்குழுவை எல்லோருக்கும் தெரியும். அதில் பாடும் ரஞ்சனின் முகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்த ரஞ்சனுக்குப் பின்னால், சிம்பல் தட்டுகளுக்கு நடுவே பாதித் தலை மட்டும் தெரிய, ஒருவர் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வாசித்தார். அவர்தான் செல்வின்.

போன வருடம் அவர் குழுவிலிருந்து விலகினார். பத்திரிகைகள் அதற்கு நாலு காரணம் எழுதின. நாலும் தப்பு. விலகிய கையோடு தானே எழுதி, தானே பாடி, ஒரு ஆல்பம் வெளியிட்டார். டிரம்ஸ்காரனுக்கு இவ்வளவு நல்ல குரலா என்று கேட்டவர்கள் வியந்தார்கள். அது பாராட்டு என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஸ்டுடியோவில் டிரம்ஸையும் அவரே வாசித்துவிட்டு, அதன்மேல் பாடினார். மேடையில் இரண்டையும் செய்ய முடியாது. வாசித்துக்கொண்டே பாடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள்.

"உக்காந்தது போதும்" என்றார் செல்வின்.

அப்படியானால் பின்னால் வேறு ஒருவர் உட்கார வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மூன்று மாதத்தில் நான்கு டிரம்மர்கள் வந்தார்கள், போனார்கள். நால்வரும் பெயர் வாங்கியவர்கள். வேறு எங்கே வாசித்தாலும் ஒழுங்காக வாசித்தவர்கள், செல்வினுக்கு வாசிக்கும்போது மட்டும் தடுமாறினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பாட்டு வகுப்பு முடிந்தும் செல்வின் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"தப்பே பண்ணாத டிரம்மர் எங்க கிடைப்பான்?"

"என்னைக் கேக்கறீங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒருத்தன்தான்."

"யாரு?"

செல்வின் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். காட்டும்போது முகம் வாடியிருந்தது.

"சனிக்கிழமை என் முதல் கச்சேரி, டீச்சர். டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சு. நேத்து மின்கம்பம் மேனேஜர் போன் பண்ணாரு. என் இடத்துல இன்னும் யாரையும் நிரந்தரமா போடலையாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துட்டா மறுபடி சேத்துக்கறாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கச்சேரி முடிஞ்சதும் சொல்றேன்னேன்."

"திரும்பப் போக ஆசையா இருக்கா?"

"பயமா இருக்கு. இங்க உங்க முன்னாடி நல்லாத்தான் பாடறேன். அங்க பேண்டோட நின்னா நான் எழுதின வரியே எனக்கு மறந்து போகுது. பின்னால தாளம் எங்க கழண்டுக்குமோன்னு காது அங்கேயே கிடக்குது. சனிக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா மறுபடி அங்கயே போயி உக்காந்துடுவேன் டீச்சர். அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல எழுந்திருக்க மாட்டேன்."

அமலி டீச்சர் ஹார்மோனியத்தை மூடினார்.

"ரிகர்சல் எப்போ?"

"வியாழக்கிழமை காலையில. ஏன்?"

"வர்றேன்."

ரிகர்சல் லாஸ்பேட்டையில் ஒரு பழைய கிடங்கில் நடந்தது. ஐந்தாவது டிரம்மர் வந்திருந்தார். பெயர் ஜாகிர். நாற்பது வயது. இருபது வருடமாகக் கல்யாண வரவேற்புகளில் வாசிப்பவர். மாப்பிள்ளையின் சித்தப்பா திடீரென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினால்கூட, அவரைத் தாளத்துக்குள் இழுத்துப் பிடித்து இறக்கி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு இனி எதுவும் கஷ்டமில்லை என்று நினைத்துத்தான் செல்வின் அவரை அழைத்திருந்தார்.

டீச்சர் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது.

செல்வின் இரண்டு வரி பாடினார். திரும்பி ஜாகிரைப் பார்த்தார். ஜாகிர் சிரித்தார்.

இன்னும் ஒரு வரி. மறுபடி திரும்பினார். ஜாகிர் சிரிக்கவில்லை.

நாலாவது முறை ஜாகிர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஆறாவது முறை அவருடைய குச்சி டிரம்மின் விளிம்பில் பட்டு 'டக்' என்றது. தாளம் வேகம் பிடித்து ஓடியது. செல்வினுக்கு அடுத்த வரி மறந்து போனது. பாட்டு நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"ஜாகிர் தங்கமான ஆளு. ஆனா தாளம் ஓடுது."

ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு வர வேண்டியிருக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

டீச்சர் எழுந்து வந்தார்.

"ஜாகிர் அண்ணே, நீங்க என் நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காருங்க. சார், நீங்க டிரம்ஸுக்குப் போங்க."

"நானா?"

"நான் பாடறேன். நீங்க வாசிங்க."

"எனக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு டீச்சர்."

"அதான் சொல்றேன். போங்க சார்."

செல்வின் போய் உட்கார்ந்தார். ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்தார், குச்சிகளை விரலில் ஒருமுறை சுழற்றினார். வெளியே சொல்லவில்லையே தவிர அவருக்குச் சந்தோஷம்தான். நாலு தட்டு தட்டிப் பாட்டைத் தொடங்கி வைத்தார்.

அமலி டீச்சர் நன்றாகப் பாடினார். இரண்டு வரி பாடியதும் திரும்பி அவரைப் பார்த்தார்.

சத்தம் அதிகமோ என்று செல்வின் கையைக் கொஞ்சம் அடக்கினார்.

டீச்சர் இன்னொரு வரி பாடிவிட்டுத் திரும்பினார். இழுக்கிறோமோ என்று செல்வின் வேகத்தைக் கூட்டினார். மூன்றாவது முறை டீச்சர் அவருடைய வலது கையைப் பார்த்தார். செல்வினும் தன் வலது கையைப் பார்த்தார். படி இறங்கும்போது நம் காலை நாமே பார்த்தால் எப்படியோ அப்படி ஆகிவிட்டது. நாலாவது முறை கழுத்தில் வியர்த்தது. ஐந்தாவது முறை டீச்சர் திரும்பியபோது ஒரு அடி தவறியது. குச்சி கையைவிட்டுப் பறந்துபோய் கிடார்காரரின் காலடியில் விழுந்தது.

ஜாகிர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். செல்வின் குச்சி தவறி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"எங்க தப்பு பண்ணேன் டீச்சர்?"

"எங்கயும் பண்ணல."

"அப்புறம் எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க?"

"சும்மாதான்."

"சும்மா பாக்கறதாவது! பாடறவங்க திரும்பினா பின்னால இருக்கறவனுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? என்னமோ தப்பாயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கை எப்படி..."

செல்வின் பாதியில் நிறுத்தினார். ஜாகிரைப் பார்த்தார். ஜாகிர் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேரை அனுப்பிட்டேனே" என்றார் செல்வின்.

டீச்சர் குச்சியை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார்.

"ரஞ்சன் ஒரு பாட்டுக்கு எத்தன தடவ திரும்புவாரு சார்?"

செல்வினின் முகம் மாறியது.

"அவன் திரும்ப மாட்டான்."

"ஒரு தடவகூடவா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. எத்தன ஊரு, எத்தன மேடை! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவன் முதுகுதான். சட்டை மாறும், முதுகு மாறாது. பின்னால ஒரு மனுஷன் உக்காந்து உயிரை விடறானே, ஒரு வாட்டி திரும்பிப் பாப்போம்னு தோணல அவனுக்கு. அதுக்குத்தான் டீச்சர் நான் வெளிய வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சின்னப்புள்ளத்தனமா இருக்கும்."

"ஒரு தடவ திரும்பியிருந்தா?"

"சந்தோஷப்பட்டிருப்பேன்."

"நான் இப்ப அஞ்சு தடவ திரும்பினேன்" என்றார் டீச்சர்.

செல்வின் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். அதைத் தொடையில் மெல்லத் தட்டினார். கிடார்காரர் தேவையில்லாமல் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"முட்டாள்" என்றார் செல்வின் கடைசியில்.

"யாரு?"

"ரெண்டு பேரும்தான். ரஞ்சன் திரும்பலைன்னு கோவிச்சுக்கிட்டவனும், இவங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்தவனும். ரெண்டும் நான்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க நிறைய நேரம் சிரித்தார். நடுவில் எங்கேயோ அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி நின்றது. துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் இத்தனை வருடமாக இருந்த கடுகடுப்பைக் காணோம். ஜாகிர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"போய் உக்காருங்க ஜாகிர். முதல்லேர்ந்து எடுப்போம்" என்றார் செல்வின்.

பழக்கம் உடனே போய்விடுமா? அடுத்த பாட்டில் இரண்டு முறை கழுத்து தானாகத் திரும்பியது. இரண்டு முறையும் டீச்சர் இருமினார். அதற்கடுத்த பாட்டில் அவர் இரும வேண்டியிருக்கவில்லை. நாலாவது பாட்டின் நடுவில் ஜாகிருக்கு நிஜமாகவே கொஞ்சம் சறுக்கியது. செல்வின் காதில் அது விழாமல் இருக்குமா? கழுத்து நரம்பு ஒன்று துடித்தது. ஆனாலும் முன்னால் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டே இருந்தார். வரி முடிவதற்குள் ஜாகிர் தானே சரிப்படுத்திக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. அரங்கம் நிரம்பியிருந்தது.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் விளக்கு தெரியும், முன்னால் நிற்பவர்களின் முதுகு தெரியும். ஜனங்களின் முகம் தெரியாது. இத்தனை வருடம் வாசித்தவர் அன்றுதான் கேட்பவர்களின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண்மணி அவருடைய வரிகளை அவருக்கு முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செல்வினுக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. காதருகே ஏறிக் கிடந்த தோள்கள் மூன்றாவது பாட்டில் கீழே இறங்கின. ஒன்பது பாட்டு முடிந்து, கேட்டுக் கேட்டு இன்னும் இரண்டு பாடச் சொன்னார்கள். பதினொன்றிலும் அவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்கிற நினைப்பே அவருக்கு இல்லை.

மேடைக்குப் பின்னால் வந்ததும் முதல் வேலையாக மின்கம்பம் மேனேஜருக்குப் போன் செய்தார்.

"என் இடத்துக்கு வேற ஆளைப் பாருங்க. ஆமா, நிச்சயமாத்தான். இல்ல, கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ரஞ்சனைக் கேட்டேன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பசித்தது. தட்டில் இருந்த சமோசாக்களில் இரண்டை நின்றபடியே தின்றார். மூன்றாவதை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"இவ்வளவு லேசா இருக்கும்னு தெரியாது டீச்சர்."

"நல்லாப் பாடினீங்க சார்."

அப்போது ஜாகிர் வந்தார். அவரைச் சுற்றிலும் ஆட்கள் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் மட்டும் களையில்லை. செல்வினும் டீச்சரும் மட்டும் நிற்கும் நேரம் பார்த்து, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க ஜாகிர்."

"தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்கு மொத்தக் கச்சேரியிலயும் நீங்க ஒரு தடவகூட என் பக்கம் திரும்பல. நான் வாசிச்சது பிடிக்கலியாண்ணே?"

செல்வின் அடுத்த சமோசாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஜாகிரைப் பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டார்.

"இவருக்கு நான் என்ன சொல்லணும் டீச்சர்?"

"ரஞ்சன் வாயால எதைக் கேக்கணும்னு இருபத்தாறு வருஷம் காத்திருந்தீங்களோ, அதைச் சொல்லுங்க" என்றார் அமலி டீச்சர்.