பக்கத்து சீட்டு பிரேக்

வேதரத்தினம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப்பில் இடதுபக்கம் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். வண்டி எங்கே இடித்தாலும் இறங்கிப் பதில் சொன்னது டிரைவர்தான்.

அறுபத்திரண்டு வயதில், டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கும் சலேத்மேரியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாரம் இரண்டு முறை அவரைக் கால் பயிற்சிக்கு அழைத்துப் போக யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பது அவர் வீம்பு.

சலேத்மேரிக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கார் என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிலாவது இடித்துவிட்டால் எல்லா மாணவர்களும் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான். போன வாரம் ஒரு வீட்டு கேட்டை உரசியபோது வேதரத்தினமும் அதைத்தான் பார்த்தார்.

"மேடம், நான் எப்ப தனியா ஓட்டலாம்?" என்று தினமும் கேட்பார்.

"சொல்றேன் சார்" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு சந்தில் திரும்பும்போது, நின்றிருந்த காரின் கதவை உரசிவிட்டார். புதுக் கார். பூஜை போட்ட மாலையை இன்னும் கழற்றவில்லை. கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு சந்தைப் பார்த்தார். மதிய வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை.

"யாரும் பார்க்கல மேடம். போயிடலாமா?"

விஷயம் பெரிதானால் டெஸ்ட்டுக்கு அனுப்ப மாட்டாளோ என்று அவருக்குப் பயம்.

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள். இறங்கிப் போய் அந்தக் காரின் பக்கத்தில் வெயிலில் நின்றாள். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் கழித்துக் காரின் சொந்தக்காரர் வந்தார். தையல்கடை வைத்திருப்பவர். கார் வாங்கி மூன்றாம் நாள். கோட்டைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி பேசினார். அத்தனையும் சலேத்மேரிக்குத்தான். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்றுகூடக் கேட்டார்.

"என் காலுக்குக் கீழ பிரேக் இருந்துச்சுங்க. நான் போடல. தப்புதான்" என்றாள்.

கார்க் கதவு திறந்தது. வேதரத்தினம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. இடிச்சது நான். போயிடலாம்னு சொன்னதும் நான்தான்."

யாரும் கேட்காத அந்தக் கடைசிப் பேச்சில் தையல்காரர் அடங்கிப்போனார். ஜீப்பில் போன நாளில்கூட வேதரத்தினம் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. சலேத்மேரிக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேதரத்தினம் தன் முகவரியை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் தானே பட்டறைக்குக் கூட வருவதாகவும் சொன்னார்.

திரும்பும்போதும் அவரேதான் ஓட்டினார். டெஸ்ட் இன்னொரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று தானாகவே சொன்னார்.

சலேத்மேரி செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

அவர் பதறிப்போனார்.

"மேடம், பிரேக்?"

"உங்ககிட்ட இருக்கு சார். ரோட்டைப் பாருங்க."