முதல் பந்தியில் வீடியோக்காரர்

தெய்வசிகாமணி விசேஷ வீடெல்லாம் போய் வீடியோ எடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷம் பெரிய கம்ப்யூட்டரில் படம் வெட்டித் தொகுத்தவர், இப்போது போனில் வெட்டப் பழகிக்கொண்டிருந்தார். சொல்லித் தரும் வகிதா டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது.

அன்று மண்டபத்தில் காதுகுத்து முடிந்த கையோடு, எதிரிலேயே இருந்த டீச்சரின் பயிற்சி வகுப்புக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், அந்த வீட்டுப் பொண்ணு ஹேமா நீங்க சொல்லித் தர்ற இதே செயலியில பத்தே நிமிஷத்துல படத்தை முடிச்சிருச்சு! சாயங்காலம் ரெண்டு பேர் படத்தையும் திரையில போடுவாங்களாம். எது நல்லாருக்கோ அவங்களுக்குத்தான் அந்த வீட்டோட அடுத்த கல்யாண வீடியோ. தோத்தா நான் கடையை மூட வேண்டியதுதான். எந்த பட்டனை நான் இன்னும் கத்துக்கல?"

"சாப்பிட்டீங்களா, அண்ணே?"

"வீடியோக்காரனுக்கு எப்பவும் கடைசிப் பந்திதானே."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"ஆமா."

வகிதா அவர் போனை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"முதல் பந்தியில போய் உட்காருங்க. சாப்பிட்டு வந்து வாங்கிக்குங்க."

"அப்புறம் வெட்ட நேரம் இருக்காது டீச்சர்!"

"பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரரோடு யாருமே பேசவில்லை. பாயசம் கொண்டுவந்த அம்மாவிடம் அவர் யாரென்று மெல்லக் கேட்டார்.

"பிள்ளையோட பெரியப்பா. நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்காரு. வந்தும் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். போனை வாங்கி, காலையில் எடுத்ததில் அந்த ஒரு முகத்தைத் தேடினார்.

சாயங்காலம் ஹேமாவின் படம் முதலில் ஓடியது. சிரித்த முகங்களாகச் செயலியே பொறுக்கிப் போட்டிருந்தது. நட்சத்திரமாகக் கொட்டியது. நன்றாகக் கைதட்டினார்கள்.

அடுத்தது தெய்வசிகாமணியுடையது. ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது. கூட்டத்துக்குப் பின்னால், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற பெரியப்பா சட்டென்று தன் காதுமடலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையின் அப்பா எழுந்து பின்வரிசைக்கு நடந்தார். "அண்ணே" என்றார்.

அப்புறம் கிளம்பியது பாருங்கள் விசில்!

"இன்னொரு தடவை போடுங்கப்பா!"

மூன்று தடவை போட்டார்கள்.

மறுநாள் காலை தெய்வசிகாமணி லட்டோடு வந்தார்.

"கல்யாணம் நமக்குத்தான் டீச்சர்! அந்த ஹேமாப் பொண்ணு வேற என்கிட்ட வேலை கத்துக்க வர்றேங்குது. போன்ல என்னைவிட அதுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் என்னத்தைச் சொல்லித் தர?"

வகிதா லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த விசேஷத்துல உங்க பக்கத்துல இன்னொரு இலை போடச் சொல்லுங்க, அண்ணே."