ஆவரங்காட்டுப் படையும் ஆறு சத்தமும்

ஆவரங்காட்டுக்கு ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு ஒரு பீரங்கி இருந்தது. பீரங்கியைத் தள்ள ஆள் வேண்டுமே என்று பதினோரு பேர் கொண்ட ஒரு படையும் இருந்தது. அந்தப் படைக்குச் சுபேதார் இருளாண்டி.

இருளாண்டி அன்று விடிந்ததிலிருந்தே தலைப்பாகையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். வெள்ளைக்காரத் துரை படையைப் பார்வையிட வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் படையைக் கலைத்துவிடுவார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சுபேதார் வீட்டுச் சம்பந்தம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். வெறும் இருளாண்டியாகப் பந்தலில் போய் நிற்க முடியுமா?

படைக்குப் பயிற்சி கொடுத்தவன் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்ட். அவன் இங்கிலீஷில் கத்துவான். ஒரு எழுத்துக்கூட யாருக்கும் புரியாது. ஆனால் தினமும் ஒரே வரிசையில்தான் கத்துவான். அதனால் இருளாண்டி எல்லோரையும் எண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதல் சத்தத்துக்கு வலப்பக்கம் திரும்பணும். இரண்டாவதுக்கு நடக்கணும். மூன்றுக்கு நிற்கணும். நாலுக்குப் பீரங்கியைத் திருப்பணும். ஐந்துக்குச் சுடணும். ஆறுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும். அப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து.

சார்ஜெண்ட் கப்பலேறும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

துரை குதிரையை விட்டு இறங்கி, "குட் மார்னிங்!" என்று முழங்கினார். பதினோரு பேரும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். துரைக்குத் தெரிந்தது பதினோரு காதுகள்தான்.

காலை மோந்து பார்த்த நாயைத் துரை அதட்டினார். உடனே படை நடந்தது. துரைக்கென்று இலை போட்டு வைத்திருந்த விருந்துப் பந்தலுக்குள் பீரங்கியோடு நுழைந்தது.

"ஓ மை காட்!"

படை நின்றது. சிப்பாய் சன்னாசியின் இடது கால் பாயசத்தில் இருந்தது.

துரை பின்னாலேயே ஓடிவந்து ஏதோ கத்தினார். அது நாலாவது. பீரங்கியைத் திருப்பினார்கள். அதன் வாய் துரையின் தொப்பைக்கு நேராக வந்து நின்றது.

இருளாண்டி உதட்டில் விரலை வைத்துத் துரையைக் கெஞ்சினார். ஆனால் சமையல்காரர் தாளித்த மிளகாயின் நெடி வந்தது. துரை தும்மினார். பந்தலே ஆடியது.

"சுபேதாரய்யா, இது கணக்குல சேருமா?" என்று கிசுகிசுத்தான் பீரங்கிக்காரன் மொக்கையன். அவன் கையில் தீப்பந்தம்.

"எப்படிடா சேரும்? அது மூக்குல வந்தது. உத்தரவுன்னா வாயிலதான் வரணும்," என்றான் சன்னாசி, பாயசத்திலிருந்து காலை எடுக்காமல்.

"வாயும்தான்டா தொறந்துச்சு. நான் பார்த்தேன்ல."

"அப்ப பாதி உத்தரவுன்னு வச்சுக்க."

"சரி, பாதித் திரியைக் கொளுத்தறேன்," என்று மொக்கையன் பந்தத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"அடேய், சுடாதேடா!" என்று அலறிவிட்டார் இருளாண்டி.

ஐந்தாவது சத்தம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

குண்டு வைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதி கிடையாது என்பதால் உள்ளே வைக்கோலைத்தான் திணித்திருந்தார்கள். புகை விலகியபோது துரை கன்னங்கரேலென்று, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிறகு ஒரு கர்ஜனை கர்ஜித்தார்.

"படையை இந்த நிமிஷமே கலைக்கணுமாம்," என்றார் கூட வந்த துபாஷி, மெல்லிய குரலில்.

அவர் வாய் மூடுவதற்குள் படையைக் காணோம். ஆறாவது சத்தமாயிற்றே!

துரை திகைத்துப்போனார். எத்தனையோ சமஸ்தானத்துப் படைகளை அவர் கலைத்திருக்கிறார். எல்லா இடத்திலும் அழுகை, மனு, காலில் விழுவது. இப்படி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கலைந்த படையை அவர் பார்த்ததே இல்லை. துபாஷியின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இவ்வளவு கட்டுப்பாடான படை இருக்கட்டும் என்கிறார்."

இருளாண்டிக்குக் கல்யாண மேளமே கேட்டது. அதோடு துரை விட்டாரா? கையைக் குவித்து வாயில் வைத்து, திரும்பி வரச்சொல்லி ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

ஊருக்குள் பதினோரு வீடுகளில் பதினோரு பேர் கஞ்சிக் கும்பாவோடு எழுந்து வலப்பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"ஏன், ஒருத்தரும் வரலியே?" என்றார் துபாஷி.

"சாமி, துரையை இன்னொரு தரம் மட்டும் கத்த வேண்டாம்னு சொல்லுங்க!" இருளாண்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

துரை இன்னும் பலமாகக் கத்தினார்.

பதினோரு மண்சுவர்கள் இடிந்து விழும் சத்தம் கேட்டது.

"வருகிறார்கள்," என்றார் துரை, திருப்தியாக.