பொறி வாங்காத கட்டையன்

“இதுல என்னத்தைக் கலந்தீரு?” என்று எஞ்சின் கட்டையன் கத்தினான். பின்னால் அரிசி வண்டியோடு பாதி மேட்டில் நின்றுபோயிருந்தான்.

“எண்ணெயும் காத்தும். வேற என்ன?” என்றார் அப்பாவு.

அந்தக் காலத்தில் எஞ்சின்களுக்கு வாய் இருந்தது, பேசின. எல்லாம் ஒரே எண்ணெயைத்தான் குடித்தன. அதைக் காற்றோடு கலந்து வாயில் ஊற்றி, எஞ்சின் அதை உள்ளே அமுக்கி முடித்ததும் ஒரு பொறி தட்டிவிடுவது அப்பாவுவின் வேலை. அவர் இல்லாமல் எதுவும் ஓடாது. கட்டையனுக்கு அதுதான் இடித்தது. சாப்பாட்டைக் கலக்குகிறவரும் அவர், கொள்ளி வைக்கிறவரும் அவர். நடுவில் என்ன நடக்கிறது என்று யார் கண்டார்கள்?

மேட்டில் அவன் நின்றது இது இரண்டாவது தடவை. இன்னொரு தடவை நின்றால் உடைத்துப் போட்டுவிடுவேன் என்று அவனைச் செய்த பட்டறைக்காரி சவரியம்மா சொல்லிவிட்டாள். மலைமேல் சனம் அரிசிக்குக் காத்திருந்தது, அவளும் என்ன செய்வாள்? காயலான் கடைக்காரர் அடிவாரத்தில் வந்து உட்கார்ந்தேவிட்டார். கட்டையன் கீழே வந்ததும் விலாவைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

தம்பி துடுக்கன் தபால் பைகளோடு பறந்து வந்தான். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

“என்னண்ணே, மூச்சு வாங்குதா?”

“உனக்கு மட்டும் நல்ல சரக்கு ஊத்துறாரு அந்தாளு.”

“எனக்கு ரெண்டு பை, உனக்கு முப்பது மூட்டை. சரக்கு ஒண்ணுதான்.”

“நீ அவரு ஆளு. வேற எப்படிச் சொல்லுவே?”

கட்டையன் அப்பாவுவிடமே கேட்டான். “நான் இன்னும் இறுக்கி அமுக்கினா பலம் கூடும்ல? ஏன் விடமாட்டேங்கிறீரு?”

“எண்ணெய் கலந்த காத்தை ரொம்ப அமுக்கினா, பொறி தட்டுறதுக்கு முந்தியே வெடிச்சு உன்னையே உதைக்கும்டா.”

கட்டையன் நம்பவில்லை.

மூன்றாவது தடவை. செங்குத்தான வளைவில் சக்கரம் திணறியது. கீழே காயலான் கடைக்காரர் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“வாயைத் திற, ஊத்துறேன்” என்றார் அப்பாவு.

கட்டையன் வெறும் காற்றை மட்டும் இழுத்து வாயை மூடிக்கொண்டான். எண்ணெய் இல்லாத காற்று முந்தி வெடிக்காது, எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கினான். விலா முறிகிற மாதிரி வலித்தது. இன்னும் அமுக்கினான். காற்று சுருங்கச் சுருங்கத் தோசைக்கல்லாகக் காய்ந்தது. அப்போது அப்பாவு கையிலிருந்த எண்ணெய் டப்பாவை அவனே பிடுங்கி ஒரு சொட்டு எண்ணெயை உள்ளே பீய்ச்சினான்.

டமார்!

பொறியே தட்டவில்லை, எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது. வண்டி அசைந்தது. அப்பாவு பயந்து வண்டியிலிருந்து குதித்துவிட்டார். கட்டையன் அதையே திரும்பத் திரும்பச் செய்து மெதுவாகத்தான் போனான், ஆனால் நிற்கவில்லை. உச்சியில் சனம் மூட்டைகளை இறக்கியபோது டப்பாவில் பாதிக்கு மேல் எண்ணெய் மிச்சம். குதித்த அப்பாவுவை ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த துடுக்கனின் டப்பா காலி.

காயலான் கடைக்காரர் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கட்டையனின் விலாவில் விரிசல். சவரியம்மா மேலே கனத்த இரும்பு போட்டு மூடினாள். அதனால் உடம்பு பாரமாகிவிட்டது, சமதரையில் துடுக்கனோடு அவனால் ஓட முடியாது. பிறகு கெட்டி எண்ணெயே போதும் என்றும் சொல்லிவிட்டான். லேசான எண்ணெயில் கலப்படம் சுலபமாம்.

சவரியம்மா அப்பாவுவின் கலவையை மோந்து, எரித்து, எல்லாம் பார்த்தாள்.

“அவரு மேல தப்பே இல்லடா. கலந்ததை அவ்வளவுதான் அமுக்க முடியும். போய் மன்னிப்புக் கேளு.”

“நீங்க பார்க்கும்போது அவரு பக்கத்துல நின்னாரா?”

“நின்னாரு.”

“அப்ப சரி” என்றான் கட்டையன். எது சரி என்று சொல்லவில்லை.

அன்று முதல்தான் துடுக்கனின் வம்சமான பெட்ரோல் எஞ்சின் கலந்ததைக் குடித்து, பொறி வாங்கி, லேசாகப் பறக்கிறது. கட்டையனின் வம்சமான டீசல் எஞ்சின் வெறும் காற்றை இழுத்து, தன் எண்ணெயைத் தானே பீய்ச்சி, கொஞ்சம் குடித்து நிறைய இழுக்கிறது. பொறி தட்ட யாரையும் கிட்டே விடுவதில்லை. அப்பாவுவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.