ஆயிரத்தெட்டில் ஒரு வில்வ இலை

முன்னொரு காலத்தில், உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத அரசன் ஒருவன் இருந்தான். ஒருநாள் திடீரென்று, "இன்று பொழுது சாய்வதற்குள் ஈசனுக்கு ஆயிரத்தெட்டு வில்வ இலையால் அர்ச்சனை! நம் அவை விகடன் சிட்டையனே பறிக்கட்டும்" என்று கட்டளையிட்டான். சிட்டையனும் முள்ளில் கை கிழியக் கிழியப் பறித்து, எண்ணிக் கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடிக் கோயில் முற்றத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பி வந்தால், அவனைக் கண்டாலே வயிறு எரியும் அமைச்சர் கோனேரியார் அரசனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிரபு, முள்ளுக்குப் பயந்து இவன் மாவிலங்க இலையைக் கலந்துவிட்டான். அதுவும் மூவிலைதான். பார்வைக்கு வில்வமேதான்."

அரசன் துணியை விலக்கினான். குவியல், சிட்டையன் வைத்ததைவிட உயர்ந்திருந்தது.

"விளக்கேற்றுவதற்குள் பிரித்துவிடு. இல்லையேல் நாட்டைவிட்டே போய்விடு. கிள்ளக் கூடாது, முகரக் கூடாது. முகர்ந்த இலை பூசைக்கு ஆகாது!" என்றான் அரசன்.

வில்வத்துக்கு அடையாளமே அந்த வாசனைதானே! அரசனோ கொடிமரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தபடி, "ஆயிற்றா? ஆயிற்றா?" என்று பிடுங்கியெடுத்தான். சிட்டையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் குத்திய மாலை வெயிலை மறைக்க ஓர் இலையைத் தூக்கிப் பிடித்தான். இலை நெடுகப் பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகள்! அடுத்த இலையில் நரம்பு மட்டுமே தெரிந்தது. அதற்கடுத்ததில் மறுபடியும் புள்ளிகள். அவன் கை பரபரத்தது. முள் கீறிய எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

சூரியன் மதிலைத் தொடும்போது இரண்டு குவியல்கள் இருந்தன.

"இந்த ஆயிரத்தெட்டும் வில்வம், அரசே. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் புள்ளி தெரியும். மாவிலங்கத்தில் தெரியாது."

"புள்ளியாவது பூசணிக்காயாவது! கதை அளக்கிறான்!" என்று பாய்ந்த கோனேரியார், வில்வக் குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்தார். வில்வம் கமகமவென்று மணத்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஐயையோ, முகர்ந்துவிட்டாரே! கணக்கில் ஒன்று குறைகிறதே!" என்று தலையில் கைவைத்தான் சிட்டையன். "இன்னொரு சந்தேகம், அரசே. துணியை விலக்குமுன்பே, உள்ளே கலந்திருப்பது மாவிலங்கம் என்று அமைச்சர் எப்படிக் கண்டார்?"

கோனேரியார் மெல்லப் பின்வாங்கினார். அரசன் அன்று முதல்முறையாக ஓரிடத்தில் நின்றான். நின்று, வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சிட்டையன் கழுத்தில் போட்டான்.

"குறைந்த இலையை அமைச்சரே ஏறிப் பறிக்கட்டும். வெளிச்சம் போகிறது, சீக்கிரம்!"

கோனேரியார் பட்டாடையோடு முள்மரத்தில் ஏறினார். சிட்டையன் கீழே கைகூப்பி நின்று, மிகுந்த பணிவோடு கேட்டான்: "ஆயிற்றா, ஐயா? ஆயிற்றா?"