சேறு அடைக்காத பெடல்

மூன்று நாளாக மழை விடவில்லை. அந்தச் சேற்றில்தான் கோத்தகிரி மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம் நடந்தது. மாநில அணியில் இருந்தது ஒரே ஓர் இடம். போஜனுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி.

அந்த இடம் சஞ்சித்துக்குப் போனது. போஜன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்பதாவதாக வந்தான். வந்தவன் நேரே பயிற்சியாளர் ரெபேக்காவின் ஷெட்டுக்குப் போனான்.

“அக்கா, சேறு அடைக்காத கிளிப் பெடல் எது?”

கிளிப் பெடல் என்றால், ஷூவின் அடியில் உள்ள இரும்புக் கொக்கி அதில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். சேறு புகுந்தால் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

“காலைத் தூக்கு” என்றார் ரெபேக்கா. ஒரு குச்சியால் கொக்கியைக் கிளறினார். “கொழுக்கட்டை பிடிச்ச மாதிரி இருக்கு. எண்ணெய் தடவலையா?”

“தடவினேன். அம்மா திட்டத் திட்ட, சமையல் எண்ணெய்.”

“பெடல்ல தட்டிட்டு மாட்டிப் பார்த்தியா?”

“பத்து தடவை தட்டினேன். மாட்டலை.”

“நடந்தாத்தான்பா இப்படி அப்பும். எதுக்கு இறங்கினே?”

போஜன் காலைக் கீழே வைத்தான்.

“கடைசி வளைவுல எனக்கு முன்னால போன சஞ்சித் விழுந்துட்டான். ரெண்டு காலும் பெடல்லயே மாட்டிக்கிச்சு. கவுந்த கரப்பான் மாதிரி உதைச்சுக்கிட்டுக் கிடந்தான். சைக்கிளோட சேர்த்துத் தூக்கி நிறுத்தினேன்.”

“அப்புறம்?”

“அப்படியே மிதிச்சுக்கிட்டுப் போயிட்டான். அவன் கால்தான் தரையில படவே இல்லையே.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“பார்த்து வா, வழுக்குதுன்னான்.”

ரெபேக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய ஷூ ஜோடியை எடுத்து வந்தார்.

“மாநில அணிக்கு நான் தேர்வான அன்னைக்குப் போட்டது. இதே பாதை, இதே மாதிரி மழை. அப்புறம் போடவும் இல்லை, கழுவவும் இல்லை.”

மேலெல்லாம் காய்ந்து வெடித்த சேறு. போஜன் திருப்பிப் பார்த்தான். கொக்கி துடைத்து வைத்தது போல இருந்தது.

“அடியில பொட்டுச் சேறு இல்லையே. இது எந்தப் பெடல், அக்கா?”

“உன்னோடது எதுவோ, அதேதான்.”

“பின்னே எப்படி?”

“நான் இறங்கவே இல்லை.”

போஜன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு முன்னால யாரும் விழலையா?”

ரெபேக்கா ஷூவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“விழுந்தாங்க.”