கொம்புக் கிண்ணமும் தாண்டவனாரும்

சுமத்திராத் தீவின் புகையிலைத் தோட்டமொன்றில், காட்டுநாதர் கோயிலுக்குத் தண்ணீர் சுமந்தவர் தாண்டவனார். வண்டிச் சக்கரம் ஏறி இடக்கை முடமானதும் தோட்டத்தார் அவரைக் கூலி வேலையிலிருந்து கழித்துவிட்டார்கள். அவர் கலங்கவில்லை. காட்டுச் சுனையில் குடத்தில் நீர் மொண்டு தலையில் சுமந்து வந்து, வாசற்படிக்கு வெளியே இறக்கிவைப்பார். அவர் குலத்தார் உள்ளே நுழைந்தால் தீட்டாம். அவர் சுமந்த தண்ணீருக்கு மட்டும் தீட்டில்லையாம். நல்ல நியாயம்!

சுனையடிச் சேற்றில் ஒரு காண்டாமிருகம் புரளும். மேலெல்லாம் செம்மயிர், மூக்கின்மேல் இரண்டு கொம்பு. முன்பு அந்தக் காட்டில் அவை பல இருந்தன. மருந்து மருந்து என்று கொம்பறுத்தே தீர்த்துவிட்டார்கள் பாவிகள். இது ஒன்றுதான் மிச்சம். அது குடித்துக் கரையேறும்வரை தாண்டவனார் ஐந்தெழுத்தை ஓதியபடி காத்திருப்பார். பூசை தாமதமாகிறது என்று ஏசினால், "மொதல்ல அது குடிக்கட்டும். சாமி படைச்ச உசிருதானே" என்பார். மிருகத்தின் எச்சிலைச் சுமக்கிறான் என்று ஊரே சிரித்தது.

குடமுழுக்கு நெருங்கியது. கோயில் தர்மகர்த்தா, தோட்டத்துக் கங்காணி வைரப்பெருமாள். காண்டாமிருகக் கொம்பைக் குடைந்து அதில் அபிஷேகம் செய்தால் கோடிப் புண்ணியம் என்று எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். கூலிகளைக் கசக்கிப் பிழிந்தவருக்குப் புண்ணியம் அவசரமாகத் தேவைப்பட்டது. மிருகத்தைத் தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. தாண்டவனார் நடந்து நடந்து தேய்ந்த தடமே கங்காணியின் ஆட்களைச் சுனைக்குக் கொண்டுசேர்த்தது. அங்கே குழி வெட்டித் தழை பரப்பி மூடினார்கள்.

மறுநாள் தாண்டவனார் போனபோது, மூக்கறுபட்ட உடல் குழிக்குள் கிடந்தது. தம் தொண்டே கொலைக்கு வழி காட்டிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குடத்தைப் போட்டு உடைத்தார். குடமுழுக்கு நாளன்று கோயில் வாசலில் நின்று சுவாமியையே கேட்டார்:

"யோவ் காட்டுநாதா, உன் தலை குளிர ஒரு உசிரைக் கொன்னுருக்கானுங்க. அந்தக் கொம்புத் தண்ணி உன்மேல பட்டுச்சுன்னா, இனி நீ எனக்கு வெறுங்கல்லு."

பித்தன் என்று சொல்லி அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். மேளம் முழங்கக் குருக்கள் கொம்புக் கிண்ணத்தைச் சாய்த்தார். நீர் லிங்கத்தின்மேல் ஒரு துளியும் படாமல் விலகி ஓடியது. மறுபடி ஊற்றினார்; மறுபடியும் விலகியது. மேளம் நின்றுபோயிற்று. கங்காணி வெளியே ஓடிவந்து தாண்டவனார் கையைப் பற்றிக்கொண்டார்.

"உள்ள வாப்பா தாண்டவா. நீ ஊத்தினா சாமி சாந்தமாயிடும்."

தாண்டவனார் கையை உதறினார். "நான் வரமாட்டேன். தண்ணி வேணும்னா அவரு வரட்டும். அது செத்துக் கெடக்கிற எடத்துக்கு வரட்டும்."

சொல்லிவிட்டுச் சுனைக்குப் போனார். ஒற்றைக் கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி அந்த உடலை மூடினார். மூடி நிமிர்ந்தால், எதிரே சேற்றில் காட்டுநாதர் அமர்ந்திருந்தார். கருவறை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அலறிக்கொண்டு ஊரார் ஓடிவந்தார்கள். கங்காணி வடம் கட்டி இழுக்கச் சொன்னார், லிங்கம் அசையவில்லை. தாண்டவனார் உள்ளங்கையில் சுனைநீரை ஏந்தி, வாழ்நாளில் முதன்முறையாகத் தாமே சுவாமியின் தலையில் விட்டார். அது எங்கும் விலகாமல் மேனியெல்லாம் வழிந்தது.

அந்தக் காட்டில் அந்த இனம் அதோடு அற்றுப்போயிற்று. எந்தக் கோடிப் புண்ணியமும் அதைத் திருப்பித் தராது. ஒரு வாயில்லா உயிருக்காக ஈசனோடு சண்டையிட்டு, அவரைச் சேற்றில் இறங்கவைத்த தாண்டவனாரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.